சோம்பேறி விழித்த வாரம்

காலையில் காரின் முன்கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தாள் இதாய்ரா. கை கறுக்கவில்லை. நம்பிக்கை வராமல் பானெட்டின் மேலும் உள்ளங்கையை வைத்து இழுத்தாள். பனி ஈரம் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. தெற்கே எரிமலை உறுமுவது காலுக்கடியில் இன்னும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் புகை இன்று இந்தப் பக்கம் வரவில்லை. தென்மேற்கே கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தது. காற்று திரும்பிவிட்டது.

"ஸ்வோன்கோ! டேய், எழுந்து வாடா வெளியே!"

ஸ்வோன்கோ போர்வையைச் சுற்றிக்கொண்டே விடுதி வாசலுக்கு வந்தான். குரோவேஷியாக்காரன். இரண்டு வாரப் பணிக்கென்று ரியேக்காவிலிருந்து வந்தவன், விமான நிலையத்தைச் சாம்பல் மூடியதில் இங்கேயே மாட்டிக்கொண்டான். அவனுக்குப் பதிலாக வர வேண்டியவர்களும் வந்து சேரவில்லை. லா பால்மா தீவின் உச்சியில், மேகங்களுக்கு மேலே, அந்தத் தொலைநோக்கியைக் கட்டிக் காத்துக்கொண்டு இப்போது இருந்தது இவர்கள் இரண்டு பேர்தான்.

"என்ன, மலை ஓய்ஞ்சிடுச்சா?"

"ஓயலை. காத்து மாறியிருக்கு. கையைப் பாரு."

அவன் அவள் உள்ளங்கையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தான். "இந்தப் பாழாப்போன காத்து நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்றான். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

அவர்கள் ஏங்கிக் கிடந்தது ஒரு வெளிச்சத்துக்காக. வெகு தொலைவில் ஒரு விண்மீன் மண்டலம். எழுத்தும் எண்ணுமாக, வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்கு. இதாய்ரா பதினொரு வருடமாக அதைக் கவனித்து வந்தாள். அத்தனை காலமும் அது அசையாமல் கிடந்ததால் சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தாள். முந்தாநாள் அந்தச் சோம்பேறி விழித்துக்கொண்டது. அதன் நடுவே உள்ள கருந்துளை, பூமியை நேரே குறிபார்த்துக் காமா கதிர்களை வாரி இறைக்கத் தொடங்கியிருப்பதாகச் செயற்கைக்கோள் சொன்னது. இதுவரை யாரும் பார்த்திராத அளவுக்கு.

அவளுக்கு வேண்டியது அந்த மண்டலம்கூட அல்ல. அதற்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாத வெளி. அங்கே காந்தப்புலம் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால், பிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தில் கோடி கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. எந்தக் கருவியையும் அங்கே கொண்டுபோய் வைத்து அளக்க முடியாது. ஆனால் வழி ஒன்று இருந்தது. மிகுந்த ஆற்றலோடு கிளம்பும் காமா கதிர்களில் சில, வழியில் பழைய நட்சத்திர வெளிச்சத்தோடு மோதி, மின்னேற்றம் கொண்ட துகள்களாக உடைந்துபோகும். அந்தத் துகள்கள் மேலும் ஓடி, ஆற்றல் குறைந்த புதுக் காமா கதிர்களைப் பிறப்பிக்கும். வெளியில் காந்தம் இல்லையென்றால் இந்தப் பிள்ளைக் கதிர்கள் தாய்க் கதிர்களோடு ஒரே பாதையில் வந்து சேர்ந்துவிடும். துளியாவது காந்தம் இருந்தால் துகள்கள் வளையும். பிள்ளைகள் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். எவ்வளவு தாமதம் என்பதிலிருந்து காந்தம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். பேரண்டம் பிறந்தபோதே உண்டான காந்தமாக அது இருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. யாருக்கும் தெரியாது.

பின்னால் வருகிற பிள்ளைகளைச் செயற்கைக்கோள் பிடித்துக்கொள்ளும். ஆனால் முதலில் வருகிற தாய்க் கதிர்களைப் பிடிக்க இந்த மலையில் இருப்பதைப் போன்ற பெரிய கண்ணாடி வேண்டும். முதலில் எவ்வளவு கிளம்பியது என்று தெரியாமல் பின்னால் எவ்வளவு வந்தது என்று மட்டும் தெரிந்து பயனில்லை. இப்படிப்பட்ட கண்ணாடிகள் உலகத்திலேயே நாலைந்து இடங்களில்தான். தெற்கே இருந்தவற்றுக்குச் சோம்பேறி தென்படாது. அமெரிக்காவில் இருந்ததன் மேல் ஒரு வாரமாக மேகம். நிலவு வேறு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. அது முழுசாகிவிட்டால் வானம் வெளுத்து எதுவும் தெரியாது.

இத்தாலியில் இருந்த குழுத்தலைவர் லுடோவிக்கோ போனை முதல் மணியிலேயே எடுத்தார்.

"கண்ணாடி எப்படி இருக்கு?"

"அழுக்காத்தான் இருக்கு. ரெண்டு பேரும் கழுவிடுவோம். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"துடைக்காதே இதாய்ரா. அந்தச் சாம்பல் முழுக்கக் கண்ணாடித் தூள். துடைச்சா அவ்வளவும் கீறல்."

"தெரியும். தண்ணி மட்டும்தான்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "உன் வேலைக்கு வருஷக் கடைசியோட முடிவு. எனக்கு அதை நீட்டிக்க வழியில்லை, உனக்கே தெரியும். ஆனா இன்னைக்கு ராத்திரி இது கிடைச்சுதுன்னா எவன் வந்தாலும் உன்னை அசைக்க முடியாது."

போனை வைத்த பிறகுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அப்பா எலாதியோ எரிமலை வெடித்த அன்றே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர். தொடோக்கே கிராமத்துக்குக் கீழே அவருக்கு ஒரு வீடு, சுற்றிலும் வாழைத்தோட்டம். இப்போது தீவின் மறுபக்கத்தில் இதாய்ராவின் சின்ன ஃபிளாட்டில் சோபாவில் படுக்கிறார். படுக்கும்போதும் செருப்பைக் கழற்றுவதில்லை. கண்ணில் புரை விழுந்ததால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். வீட்டுக்குள் போய்ச் சாமான் எடுத்துவர இன்று மதியம்தான் அவர்கள் தெருவுக்கு அனுமதி. இதாய்ராதான் அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

"என்னடி, கிளம்பிட்டியா?"

"அப்பா, இன்னைக்கு என்னால வர முடியாதுப்பா."

மறுமுனையில் ஸ்பூன் கோப்பையில் சுற்றுகிற சத்தம் நின்றது. "இன்னைக்கு விட்டா மறுபடி விடுவாங்களான்னு தெரியாது. லாவா நம்ம தெரு முனைக்கு வந்துடுச்சாம்."

"காத்து திரும்பியிருக்குப்பா. இத்தனை வருஷமா எதுக்காகக் காத்துக்கிட்டிருந்தேனோ அது இப்ப நடக்குது."

"ஒண்ணுமே இல்லாத எடத்துல காந்தம் இருக்கான்னு பாக்குறவ நீ. இங்க ஒரு மலையே உருகி வீட்டுக்குள்ள வருது, அதைப் பாக்க உனக்கு நேரமில்லை."

"அப்பா..."

"சரி விடு. உன்னைப் படிக்க வைச்சது நான்தானே, யாரைச் சொல்றது."

"சானோ மாமாவும் நம்ம தெருதானே, அவர் வண்டியில போங்கப்பா. துணிமணி, வீட்டுப் பத்திரம், அவ்வளவுதானே? அவர் எடுத்துக் குடுத்துடுவாரு."

"துணி. ஆமா. துணிதான்." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நீ போய் உன் கண்ணாடியைக் கழுவு."

மூன்று வாரமாக அவர் துணியைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியதெல்லாம் தண்ணீர். லாவா பிரதானக் குழாயை உடைத்ததிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் போகவில்லை. தோட்டத்து மேட்டுத் தொட்டி மட்டும் நிறைந்து கிடக்கிறது. ஒருத்தன் போய் வால்வைத் திறந்துவிட்டால் போதும், வாழைத்தார் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். சாப்பிடும்போதும் அதுதான், குளிக்கப் போகும்போதும் அதுதான். அவள் அதைக் கேட்டுக் கேட்டு, கேட்காதவளாகிவிட்டிருந்தாள்.

தொலைநோக்கிக்குக் கூரை கிடையாது. திறந்த வெளியில் நிற்கிற ராட்சதக் கிண்ணம், அதில் நூற்றுக்கணக்கான சதுரக் கண்ணாடிகள். பனியும் சாம்பலும் குழைந்து ஒவ்வொன்றிலும் கறுப்பாக அப்பியிருந்தது. ஸ்வோன்கோ தூக்கி வண்டியை ஓட்ட, இதாய்ரா அதன் கூடையில் ஏறி நின்று குழாயைப் பிடித்தாள். மெல்லிய நீரை மேல்விளிம்பில் வழியவிட வேண்டும். சாம்பல் தானாகக் கரைந்து இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விரலை வைத்தால் போயிற்று. ஒரு கண்ணாடி தெளிந்து அதில் நீல வானம் தெரிகிறபோதெல்லாம் கீழேயிருந்து ஸ்வோன்கோ விசிலடித்தான்.

"மெதுவா ஊத்து. தொட்டியில தண்ணி பாதிக்குக் கீழ வந்துடுச்சு."

"உன் காபிக்கு மிச்சம் வைக்கிறேன், கவலைப்படாத."

"காபி எதுக்கு, சாம்பலையே கரைச்சுக் குடிச்சிடுவேன். ரியேக்காவுல இதைவிட மோசமா போடுவாங்க."

மதியத்துக்கு கோஃபியோ என்கிற வறுத்த தானிய மாவை வெந்நீரில் பிசைந்து உருண்டையாக்கி, நின்றபடியே தின்றார்கள். கைவிரல்கள் குளிரில் மரத்துப்போய் மாவின் சூடே தெரியவில்லை. பாதிக்கு மேல் முடிந்திருந்தது. கண்ணாடியின் மேல்பாதி முழுவதும் வானமாக இருந்தது. இதாய்ராவுக்கு அழுகை வரும்போல இருந்தது. சந்தோஷத்தில்தான்.

மறுபடியும் மேலே ஏறி நின்றிருந்தபோது போன் அடித்தது. சானோ.

"இதாய்ரா, பதறாத. உங்கப்பன் வண்டியில ஏறலை."

"ஏறலைன்னா?"

"துணி மூட்டையை ஏத்தினோம், மெத்தையை ஏத்தினோம். கொட்டகைக்குப் பின்னால ஒண்ணுக்குப் போறேன்னு போனாரு. ஆளைக் காணோம். கத்திக் கத்திப் பார்த்தேன். லாவா நடையை எட்டிப் போட ஆரம்பிச்சுடுச்சு, போலீஸ்காரங்க எல்லாரையும் வெளிய தள்ளிட்டாங்க. தேட ஆள் அனுப்பறோம்னு சொல்றாங்க. நான் தடுப்புக்கிட்டதான் நிக்கிறேன். என்னை உள்ள விடமாட்டேங்குறாங்கம்மா."

அவள் "சரி" என்றாள். போனைச் சட்டைப்பையில் போட்டாள். குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. தேட ஆள் அனுப்புகிறார்கள், அவர்களுக்குத் தெரியும், ஹெலிகாப்டர்கூட இருக்கிறது, நான் போய்ச் சேரவே ரொம்ப நேரமாகும், அதற்குள் அகப்பட்டுவிடுவார் என்று நினைத்தாள். நினைத்தபடியே அடுத்த கண்ணாடிக்குத் தண்ணீரை நகர்த்தினாள். அதற்கடுத்ததற்கும். அந்த வரிசையின் கடைசி வரைக்கும் கழுவினாள்.

வரிசை முடிந்ததும்தான் கூடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கீழே இறக்கு! இறக்குடா!" என்று அலறினாள்.

விஷயத்தைக் கேட்டதும் ஸ்வோன்கோ தன் கையுறையைக் கழற்றி எறிந்தான். "சாவி வண்டியிலதான் இருக்கு. போ."

"நான் போனா..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. தொலைநோக்கியைத் திறக்கக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். இருட்டில் அந்த இரும்புக்கு நடுவே ஒருத்தன் விழுந்து கிடந்தால் பார்க்க இன்னொருத்தன் வேண்டும் என்பதற்கான விதி. மலையில் மற்றக் குழுக்கள் எல்லாம் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டன. அவள் போனால் இன்று இரவு இல்லை. நாளைக்குக் காற்று என்ன செய்யுமோ, சோம்பேறி என்ன செய்யுமோ.

அவளே லுடோவிக்கோவுக்குப் போன் செய்தாள். ஏன் செய்தாள் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறாள். போகாதே என்று யாராவது சொல்ல வேண்டும் என்றா, போ என்று சொல்ல வேண்டும் என்றா?

"தேடிக்கிட்டுத்தானே இருக்காங்க?" என்றார் அவர். "நீ போய் என்ன செய்யப் போற இதாய்ரா? உன்னையும் தடுப்புலதான் நிறுத்துவாங்க." பிறகு அவரே சட்டென்று, "ஐயோ, நான் என்ன பேசுறேன். என்னை மன்னிச்சுடு. போம்மா, போ," என்றார்.

மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. பைன் காடு, பிறகு பாதாம் மரங்கள், பிறகு வீடுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே புகைத்தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாதி வழியில் ஸ்வோன்கோ கூப்பிட்டான்.

"நான் மிச்சத்தைக் கழுவி முடிச்சிடுறேன். தனியாவே திறந்துடுறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "திற," என்றாள். "ஸ்வோன்கோ, தயவுசெஞ்சு திற. கொஞ்ச நேரமாவது பாரு."

ஆனால் அவன் நல்ல பிள்ளை. லுடோவிக்கோவுக்குத் தெரியாமல் செய்ய அவனால் முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் லுடோவிக்கோவின் செய்தி வந்தது: தனி ஆள் திறக்கக் கூடாது. ஒரு இரவுக்காக ஒரு ஆளை நான் இழக்கத் தயாரில்லை.

அவள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஸ்டீயரிங்கைக் கையால் அடித்தாள். கை வலிக்கும்வரை அடித்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

தடுப்பில் கூட்டமாக இருந்தது. மெத்தை, தையல் மிஷின், கோழிக்கூண்டு என்று ஏற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. யாரும் சத்தம் போடவில்லை. வானத்திலிருந்து கறுப்பு மணல் சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது. சானோ ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ரெண்டு தரம் போய்ட்டு வந்துட்டாங்க. ட்ரோன் விட்டாங்க, புகையில ஒண்ணும் தெரியலைங்கிறாங்க. வீட்டுல இல்லை, கொட்டகையில இல்லை."

"தொட்டியில பார்த்தாங்களா?"

"எந்தத் தொட்டி?"

அவள் தடுப்பில் நின்ற சார்ஜென்டிடம் ஓடினாள். சார்ஜென்ட் ஒரு பெண். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களில் தூக்கமே இல்லை. இதாய்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேட்டுத் தொட்டிக்குத்தான் போயிருப்பாரு. வாழை வழியாப் போற பாதை, வெளியாளுக்குத் தெரியாது. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"பொதுமக்களை உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லைங்க."

"அவர் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டாரு. நீங்க கூப்பிட்டா ஒளிஞ்சுக்குவாரு. நான் கூப்பிட்டாத்தான் வருவாரு. நான் கூப்பிட்டாலும் வருவாரான்னு தெரியலை. உங்க கால்ல விழுறேன்."

சார்ஜென்ட் அவளைப் பார்த்தாள். பிறகு ஒரு முகக்கவசத்தை அவள் கையில் திணித்து, ஜீப்பின் கதவைத் திறந்தாள். "நான் திரும்புன்னா திரும்பணும். அழக் கூடாது, வாதாடக் கூடாது."

தெரு முனையில் தெரு இல்லை. இரண்டு மாடி உயரத்துக்குக் கறுப்புச் சுவர் ஒன்று நின்றது. நிற்கவில்லை, வந்துகொண்டிருந்தது. மேலிருந்து பாறைகள் உருண்டு விழும்போது உள்ளே சிவப்புத் தெரிந்து மறைந்தது. பீங்கான் தட்டுகளை மூட்டை கட்டித் தரையில் இழுப்பதுபோல ஓயாத ஒரு சத்தம். சானோவின் வீட்டுச் சமையலறைச் சுவர் உள்பக்கமாக மடங்கிச் சரிந்தது.

ஜீப்பின் ஒலிபெருக்கி மைக்கை இதாய்ரா வாயருகே வைத்துக்கொண்டாள்.

"அப்பா! நான்தான். இதாய்ரா. வெளிய வாங்கப்பா!"

வாழை இலைகள் சாம்பல் பாரத்தில் ஒடிந்து தொங்கின. ஒன்றும் அசையவில்லை.

"அப்பா, நான் மலையிலேர்ந்து வந்துட்டேன்பா. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துட்டேன். வாங்கப்பா!"

அப்போது சார்ஜென்ட் கீழே காட்டினாள். ஜீப்பின் சக்கரத்தடியில் தண்ணீர். வாய்க்கால் நிறைந்து, சாம்பலைக் கரைத்துக்கொண்டு, கறுப்பாக ஓடி வந்தது. திறந்துவிட்டார்.

இருவரும் இறங்கி ஓடினார்கள். வாய்க்கால் ஓரமாகவே மேட்டில் ஏறினார்கள். கந்தகக் காரம் கவசத்துக்குள்ளேயும் தொண்டையை அறுத்தது. எலாதியோ வால்வுக்குக் கீழே, ஓடுகிற தண்ணீருக்குள் ஒருக்களித்துக் கிடந்தார். வால்வுச் சக்கரம் சாம்பல் பிடித்து இறுகியிருக்க, முழுபலத்தையும் போட்டுத் திருகியதில் அது சட்டென்று இளகி, ஆளைத் தூக்கி எறிந்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. விழுந்து கிடந்தபோது மகள் கூப்பிட்டது கேட்டிருக்கிறது. பதில் சொல்ல மூச்சில்லை.

மகளைப் பார்த்ததும் உதடு அசைந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள்.

"கீழ் வரிசைக்குப் போச்சா தண்ணி?"

"போச்சுப்பா. போச்சு."

சார்ஜென்ட் அவரைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். அவர் வலியில் போட்ட சத்தம் இதாய்ரா ஆயுசில் கேட்டிராத சத்தம். இதாய்ரா கால்களைத் தாங்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். வழியெல்லாம் தண்ணீரும் சேறும். இரண்டு இடத்தில் வழுக்கி மூன்று பேரும் மண்டியிட்டு விழுந்தார்கள். ஜீப் திரும்பும்போது அவர்கள் வீட்டுப் பின்சுவரில் கறுப்பு சாய்ந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. சார்ஜென்ட்தான் பிறகு சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அவரைப் படுக்கவைத்தபோது ஜன்னலுக்கு வெளியே வானம் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. நட்சத்திரம் ஒன்று இரண்டு தெரியத் தொடங்கியிருந்தது. இவ்வளவு சுத்தமான வானம் அந்த மாதத்தில் இல்லை. ஸ்வோன்கோ ஒரு படம் அனுப்பியிருந்தான். மிச்சத்தையும் கழுவி முடித்துவிட்டான். கிண்ணம் நிறைய மாலை வெளிச்சம். படத்துக்குக் கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

"அங்க பாக்குறியா?" என்றார் எலாதியோ. மருந்தில் நாக்குக் குழறியது.

"இல்லைப்பா."

"இன்னைக்கு ஏதோ பாக்கணும்னியே."

"பார்க்கலை. நான் இங்க இருக்கேன்ல."

அவர் கண்ணை மூடினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொன்னாள்: "சானோ மாமா போன் பண்ணினதும் நான் வரலைப்பா. ஒரு வரிசை கழுவிட்டுத்தான் வந்தேன்."

"நானும்தான்," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "வால்வு இறுகியிருக்குன்னு தெரிஞ்சதும் திரும்பியிருக்கலாம். உன் கூப்பாடு அப்ப கேட்கலை. கேட்டிருந்தாலும் திருகியிருப்பேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ரெண்டும் ஒரே கழுதை வம்சம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நடைபாதைக்குப் போய் சுவரோடு சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காகவா, அந்த வானத்துக்காகவா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. அது தெரிந்ததால் இன்னும் அழுதாள்.

மறுநாள் காற்று மறுபடியும் தெற்கிலிருந்து அடித்தது. கழுவிய கண்ணாடி முழுவதும் சாம்பல். தோட்டத்துக்கு விட்ட தண்ணீர் வேரில் இறங்கும் முன்பே லாவா வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது, தொட்டியையும் சேர்த்து. நான்காம் நாள் சோம்பேறி மங்கியது. அமெரிக்காவில் மேகம் விலகியபோது அவர்களுக்குக் கிடைத்தது அதன் கடைசி வெளிச்சம் மட்டும்தான்.

டிசம்பரில் எரிமலை ஓய்ந்தது. அதே டிசம்பரில் இதாய்ராவின் வேலையும் முடிந்தது. சம்பளம் இல்லாமலே ஆறு மாதம் அவள் செயற்கைக்கோளின் தரவுகளைத் தினமும் திறந்து பார்த்தாள். தாமதமாக வரும் பிள்ளைக் கதிர் ஒன்றாவது தென்படுகிறதா என்று. வரவில்லை. வராததற்கும் ஒரு பொருள் உண்டு. காந்தம் இவ்வளவுக்குக் குறையாமல் இருந்து அவற்றைச் சிதற அடித்திருக்கிறது என்று பொருள். ஆனால் முதல் நாட்களில் எவ்வளவு கிளம்பியது என்று தெரியாமல் அந்த 'இவ்வளவு' என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. லுடோவிக்கோ அவள் பெயரையும் சேர்த்து ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார். முடிவுரையில், அந்தச் சில இரவுகளின் அளவீடு இருந்திருந்தால் கேள்விக்கு விடை கிடைத்திருக்கக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதியது அவள்தான். வேறு யாரையும் எழுதவிடவில்லை.

இப்போது எரிமலைக்கு அடுத்த லோஸ் யானோஸ் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறாள். வகுப்பில் பாதிப்பேருக்கு வீடு இல்லை.

எலாதியோ ஊன்றுகோலோடு நடக்கிறார். மூச்சு பழையபடி இல்லை. போன வசந்தத்தில் ஒருநாள் லாவா வயலின் ஓரம்வரை அழைத்துப் போகச் சொன்னார். அவர்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரே கறுப்பு. சில பிளவுகளிலிருந்து இன்னும் ஆவி வந்தது.

"இது மேல மண்ணைக் கொட்டி மறுபடி வாழை வைக்கலாம்," என்றார். "எங்க அப்பன் காலத்துல பழைய லாவா மேல அப்படித்தான் வைச்சாங்க. ஆறினாப் போதும். நீ கணக்குப் போட்டுச் சொல்லு, எப்ப ஆறும்?"

"ஆழம் தெரியணும்பா."

"பன்னெண்டு மீட்டர்னாங்க."

அவள் நின்றபடியே மனதுக்குள் போட்டாள். பாறையின் சூடு, மழை, ஆழம். "ஆறேழு வருஷத்துக்குக் குறையாது," என்றாள்.

"குறையாதுன்னா? எப்பன்னு கேட்டேன்."

"அதைச் சொல்ல முடியாதுப்பா. இதுக்குக் குறையாதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்."

"இத்தனை படிச்சும் உனக்கு அவ்வளவுதான் தெரியும், இல்லை?"

"அவ்வளவுதான் தெரியும்."

அவர் விரல் விட்டுத் தன் வயசைக் கூட்டிப் பார்த்தார். வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். பிறகு ஊன்றுகோலைக் கறுப்புப் பாறையில் தட்டித் தட்டி, காலை வைக்க இடம் தேடினார். "பிடிச்சுக்கோ," என்றார். "கொஞ்சம் ஏறிப் பார்க்கிறேன்."

"சுடும்பா."

"மேல சுடாது. நீ பிடி."

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.